அர்ச்சுனாபுரத்துக் கதவு: நல்லதங்காள் கதையில் வீரமும் கொடுமையும்

வில்லி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்வுகள் வாய்த்துள்ளன. பழந்தமிழில் அது வில்லேந்தியவனைக் குறித்தது. அருச்சுனனுக்கு அப்பெயர் உண்டு. மேற்கு மலையடிவாரத்துக் காட்டைத் திருத்தி ஊர் கண்ட வேடர் தலைவனுக்கும் அப்பெயரே. அவன் பெயரால் எழுந்ததே வில்லிபுத்தூர் என்று தலவரலாறு கூறும். இருபதாம் நூற்றாண்டில் திரைப்படம் 'வில்லன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொணர்ந்தபோது அதற்கொரு பெண்பாற் சொல் வேண்டியிருந்தது. தமிழின் ஈறே கைகொடுத்தது. வில்லனுக்கு இணையாக வில்லி வந்தாள். வீரனின் பெயர் இவ்வாறு கொடியவளின் பெயராயிற்று. இது வெறும் ஒலி ஒப்புமைதான். ஆயினும் வீரமும் கொடுமையும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்று எண்ணத் தொடங்குவோர்க்கு இவ்வொப்புமை ஒரு நல்ல நுழைவாயில்.

காப்பியத்திற்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம், தனக்கு நிகரில்லாத தலைவன் ஒருவனைக் காப்பியத்தின் இன்றியமையா உறுப்பாகக் கூறிற்று. அவனுக்கு எதிர்நிற்கும் கொடியவனுக்குத் தமிழ் மரபில் நிலைத்த பெயர் இல்லை. எதிர்த்தலைவன் என்பது பிற்கால ஆக்கம். சிலம்பின் பொற்கொல்லன் ஊழின் கருவியாக வந்து போகிறானேயன்றிக் காப்பியம் முழுதும் நின்று பகை வளர்ப்பவன் அல்லன். நாடக மேடைதான் முதன்முதலில் பாத்திரங்களை வகை பிரித்துப் பெயரிட்டது: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். கள்ளபார்ட் ஆணுக்குரியது, கோட்டையிலும் காட்டிலும் திரிவது. வீட்டுக்குள்ளே, அடுக்களை வாயிலில் நின்று கொடுமை புரியும் பெண்ணுக்கு மேடை தனிப் பெயர் தரவில்லை. ஆனால் அவளுக்கு மேடையிலும் அதற்கு முந்திய கதைப்பாட்டிலும் நெடுங்காலமாக இடம் இருந்தது. அவளுள் தலையாயவள் மூளி அலங்காரி. அவள் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரி.

வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் அங்கே காட்டப்படுகிறது. மலையில் பிறந்து வரும் நீரால் வத்திராயிருப்புப் பக்கம் நெல் விளையும் பூமி. விருதுநகர், சாத்தூர், சிவகாசியின் கரிசலைக் கண்டவர்களுக்கு அப்பசுமை வியப்பளிக்கும். அவள் வாழ்க்கைப்பட்ட மானாமதுரையோ வைகைக் கரையில் இருந்தும் மழையையும் கண்மாயையும் எதிர்நோக்கி வாழ்ந்த வறண்ட சீமை. 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்திற்குள் இவ்விரண்டு ஊர்களும் அடங்கியிருந்தன. 1985இல் மாவட்டம் பிரிந்தபோது ஒன்று விருதுநகர்ப் பக்கமும் மற்றொன்று சிவகங்கைப் பக்கமும் ஆயின. இடைப்பட்ட தொலைவு நூறு கிலோமீட்டரை ஒட்டியது. வறண்ட மண்ணிலிருந்து நீருள்ள மண்ணை நோக்கி, ஏழு குழந்தைகளுடன் ஒரு பெண் நடந்த வழி அது. கதைக்கு வரலாற்றுச் சான்று தேட முடியாது. ஆனால் கதை அறிந்து வைத்திருக்கும் நிலவியல் பொய்யன்று.

கதையைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. எனினும் அதன் சில கட்டங்கள் பின்வரும் ஆராய்ச்சிக்குத் தேவை. மானாமதுரையில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். காசிராசன் மனைவி நல்லதங்காள், அண்ணன் நல்லதம்பி ஆளும் பிறந்த ஊருக்குப் போக எண்ணுகிறாள். வறுமையோடு தாய்வீடு போகும் பெண்ணுக்கு மதிப்பிராது என்று கணவன் தடுக்கிறான். அவள் புறப்படுகிறாள். வழியில், காட்டில் வேட்டையாடிக்கொண்டிருக்கும் அண்ணனையே காண்கிறாள். அவன் அன்பு பொழிந்து, வீட்டுக்குப் போ, பின்னே வருகிறேன் என்று அனுப்பிவிட்டு வேட்டையைத் தொடர்கிறான். வருபவளைத் தொலைவிலேயே கண்ட அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். பல வடிவங்களில் கற்பின் ஆற்றலால் அக்கதவு திறக்கிறது; எரியாத பச்சை மட்டையும் எரிகிறது. பொங்கிய கஞ்சி மட்டும் குழந்தைகளின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. மானம் இழந்தவள் குழந்தைகளோடு கிணற்றை நாடுகிறாள். திரும்பி வந்த நல்லதம்பி மனைவியைத் தண்டித்து அழிக்கிறான். தானும் உயிர் விடுகிறான். அத்தண்டனையின் முறை வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. தண்டனை மட்டும் மாறுவதில்லை.

இக்கதையின் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தமிழிலக்கிய வரலாற்றுக்கு முன்பே அறிமுகமானது. இறையனார் அகப்பொருள் உரையில் பாண்டி நாட்டைப் பன்னீராண்டு வற்கடம் வாட்டுகிறது. அரசன் புலவர்களை அழைத்து, உங்களைப் புரக்க இயலவில்லை, வேண்டிய நாடு சென்று பிழைத்திருந்து, நாடு நாடான பின் என்னை நினைந்து வாருங்கள் என்று வேண்டுகிறான். மழை பெய்த பின் ஆள் விட்டு அழைக்கிறான். அதே பாண்டி நாடு, அதே பன்னிரண்டு ஆண்டு. புலவர்களுக்குப் போக நாடுகள் பல இருந்தன. திரும்ப அழைக்க அரசன் இருந்தான். நல்லதங்காளுக்குப் போக ஒரே ஒரு வீடு இருந்தது.

தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நாவில் நிலைத்த 1876–78 ஆண்டுப் பெரும் பஞ்சம் இப்பகுதியின் நினைவில் ஆழப் பதிந்தது. அதைச் சிவகங்கை வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்ற நூலில் எள்ளலாகப் பாடினார். மக்களின் பசிக்குத் தீர்வு காண மாட்டாத மதுரைச் சொக்கநாதரே சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் எழுதி அவர்களை அனுப்புவதாக நூல் செல்கிறது. அங்கும் கைகாட்ட ஒரு புரவலர் இருக்கிறார். கடவுளே ஆயினும் ஆண்களின் பசிக்கு ஒரு முகவரி எழுதித் தருகிறார் என்பது கருதத்தக்கது. ஆற்றுப்படை என்பதே முகவரி எழுதித் தரும் இலக்கியம் அன்றோ?

இந்த இடத்தில் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரை நல்லதங்காளின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். அவர் வீட்டிலும் பசி; குழந்தை உணவுக் கலத்தைத் திறந்து பார்த்து ஒன்றுமின்றி அழுகிறது; தாய் புலியைக் காட்டி அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் தேற்ற முயல்கிறாள். நல்லதங்காளின் வீடு இதிலிருந்து வேறுபட்டதன்று. பெருஞ்சித்திரனார் வெளிமான் என்னும் தலைவனிடம் செல்கிறார். வெளிமான் தன் தம்பியைப் பரிசில் கொடுக்கச் சொல்கிறான்; தம்பி இளவெளிமானோ சிறிதளவே தருகிறான். கதையமைப்பு அப்படியே அர்ச்சுனாபுரத்துக் கதையமைப்பு: கொடுக்க எண்ணும் ஒருவர் அருகில் இல்லை; வீட்டிலிருக்கும் மற்றவர் கையைச் சுருக்குகிறார். ஆனால் அடுத்து நிகழ்வது வேறு. புலவர் அச்சிறு பரிசிலைக் கொள்ளாது போகிறார். குமணனைப் பாடி யானை பெறுகிறார். அந்த யானையைக் கொண்டு வந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டி, இரப்போர்க்கு ஈவோரும் உலகில் உண்டு என்று காட்டிச் செல்கிறார். தமிழ் இலக்கியத்தில் பசி வீரமாக உயர்ந்து நின்ற இடங்களுள் இது ஒன்று. இளவெளிமானும் கொடியவனாகி விடவில்லை; சிறியவனானான், அவ்வளவே. அவனை யாரும் கொல்லவில்லை.

ஒளவையாரும் ஒரு வாயிலில் நின்றவர்தாம். அதியமான் பரிசில் நீட்டித்தபோது வாயில் காவலனிடம் அவர் பேசிய பேச்சில், கோடரியோடு காட்டுக்குப் போகும் தச்சனின் பிள்ளைகள் உவமையாக வருகிறார்கள். கைத்தொழில் உடையவனுக்குக் காடெல்லாம் மரம்; கலைத்தொழில் உடையவர்க்குத் திசையெல்லாம் சோறு. ஒளவை பெண், பரிசில் நீட்டித்தது, ஆயினும் அவர் கிணற்றை நினைக்கவில்லை, வேறு திசையை நினைத்தார். நல்லதங்காளிடம் இல்லாதது கற்போ மானமோ அன்று. ஒரு கோடரி இல்லை.

இனி மூளி அலங்காரி. மூளி என்றால் உறுப்புக் குறைந்தவள், அணியற்றவள். அலங்காரி என்றால் அணிந்தவள். ஒரே பெயருக்குள் அணியும் அணியின்மையும் முட்டிக்கொள்கின்றன. இப்பெயரை எந்தத் தாயும் தகப்பனும் இட்டிருக்க மாட்டார்கள். கதை இட்ட பெயர் இது. அவளுக்குத் தாய்வீடு எது, அவள் எந்த ஊரிலிருந்து அர்ச்சுனாபுரம் வந்தாள் என்பதில் கேட்போர்க்கு நாட்டமில்லை. ஆனால் அவளும் ஒரு வீட்டின் நல்லதங்காள்தான். பிறந்த வீட்டில் பங்கில்லாமல் புகுந்த வீட்டுக்கு வந்தவள். புகுந்த வீட்டில் அவள் கைக்கு எட்டுவன குதிரின் நெல்லும் கதவின் தாழும். அந்த நெல் அவளுடையதன்று. அதைக் காக்கும் பொறுப்பு அவளுடையது. பஞ்சக் காலத்தில் ஏழு குழந்தைகளோடு வரும் நாத்தனாரைக் கண்டு தாழிட்டது மன்னிக்கத் தக்க செயல் என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. பசித்த குழந்தையின் முன் கஞ்சியைக் கொட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. எனினும் அச்செயலுக்கு அவள் இயல்பையன்றி வேறு காரணத்தைக் கதை சொல்லாததைக் கவனிக்காமல் விட முடியாது.

பெருஞ்சித்திரனாரிடமே மீண்டும் செல்லலாம். குமணன் தந்த செல்வத்தோடு வீடு திரும்பியவர் மனைவியிடம், உன்னை விரும்பியவர்க்கும் நீ விரும்பியவர்க்கும் சுற்றத்தார்க்கும் கடன் தந்தவர்க்கும் எல்லார்க்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டா, நாளைக்கு என்று சேர்த்து வைக்கவும் வேண்டா என்கிறார். கொடுக்கும் உரிமையை ஓர் ஆண் மனைவிக்கு வெளிப்படையாக எழுதிக் கொடுத்தது போன்ற பாட்டு அது. நல்லதம்பி தங்கையிடம் போ என்றான். மனைவியிடம், கேளாமல் கொடு என்று என்றேனும் சொல்லியிருந்தானா? கதை அதைச் சொல்லவில்லை. வேட்டை முடியும் வரை வீட்டின் அறம் மனைவி கையில். வேட்டை முடிந்த பின் தீர்ப்பு கணவன் கையில். இந்த ஏற்பாட்டில் வீரம் யாருக்கு, பழி யாருக்கு என்பது கதை தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது.

நல்லதம்பியின் வீரம் இரண்டு செயல்களில் அடங்குகிறது. தங்கை வந்தபோது அவன் வேட்டையாடினான். தங்கை இறந்தபின் மனைவியைக் கொன்றான். இரண்டுமே கருவி ஏந்திய செயல்கள். இடையில் தேவைப்பட்டது, தங்கையோடு கூட நடந்து வீடு வரை வந்து ஒரு வேளைச் சோறு போடச் செய்தல். அதைக் காப்பிய இலக்கணம் வீரத்தில் சேர்க்கவில்லை. இதற்கு ஒப்ப இன்னொரு கதையையும் எண்ணலாம். அல்லியரசாணி மாலையில் மதுரையை ஆளும் அல்லி, ஆண்களை ஏறிட்டும் பாராத அரசி. அருச்சுனன் அவளைப் போரில் வெல்லவில்லை. கண்ணன் துணையோடு பாம்பாக உள்ளே புகுந்து, தூங்கும்போது தாலி கட்டுகிறான். வஞ்சகம் மூளி அலங்காரியிடம் இருந்தால் கொடுமை. அருச்சுனனிடம் இருந்தால் திருவிளையாடல். இரண்டு கதைகளும் அண்மைக்காலம் வரை ஒரே சந்தைக் கடையில், ஒரே பெரிய எழுத்துப் பதிப்பில், சில காசுக்குக் கிடைத்தவை.

நல்லதங்காளின் முடிவைக் கேட்டோர் அழுதனர், அழுதபின் கைகூப்பினர். அவளைத் தெய்வமாக்கியது அந்த அழுகையே. இதில் ஒரு நெருடல் உண்டு. ஏழு குழந்தைகளில் மூத்தவன் ஓடுகிறான். தன்னை மட்டுமாவது விட்டுவிடும்படி தாயைக் கெஞ்சுகிறான். பிடிபடுகிறான். கதை முழுவதிலும் சாவுக்கு உடன்படாத ஒரே குரல் அந்தச் சிறுவனுடையது. கணவன் மானத்தைப் பேசினான். அண்ணன் பாசத்தைப் பேசினான். தாய் கற்பைப் பேசினாள். அவன் ஒருவனே உயிரைப் பேசினான். ஒப்பாரிக் கட்டத்தில் அவன் கெஞ்சல் மிக நீளமாகப் பாடப்படுகிறது; கேட்போர் உள்ளம் மிகுதியும் உருகும் இடம் அதுவே. பாடியவர்களுக்கு அவன் பக்கத்து நியாயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட அவர்களால் முடியவில்லை. மரணத்தைப் பெண்ணின் உச்சவீரமாகக் கொண்ட மரபில் தப்பிப் பிழைப்பவனுக்கு இடமில்லாது போயிற்று. இன்றும் வறுமையாலும் கொடுமையாலும் ஒரு தாய் பிள்ளைகளோடு மடியும் செய்திக்கு நாளிதழ்கள் நல்லதங்காள் பெயரைத் தலைப்பிடும்போது, அந்தச் சிறுவனின் கெஞ்சல் மறுபடியும் செவியேறாமற் போகிறது.

கதைப்பாட்டிலிருந்து மேடைக்கு நல்லதங்காளைக் கொண்டு வந்தவருள் சங்கரதாச சுவாமிகள் முதன்மையானவர். 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் நடித்தோர் சிறுவர்கள். அக்காலச் சிறுவர் குழுக்களில் நல்லதங்காளும் சிறுவன். மூளி அலங்காரியும் சிறுவன். பெண்ணின் கற்பு எப்படி அழும், பெண்ணின் கொடுமை எப்படி முகவாயை இடிக்கும் என்பதை ஆண்களே ஆண்களுக்குக் கற்பித்து மேடையில் உறையச் செய்தனர். பின்னர் நடிகைகள் அந்தச் சாயலையே பயின்றனர். ஒளவையாரின் மேடை வாழ்வும் இத்தகைய விந்தையே. அப்பாலசபையில் வளர்ந்த டி.கே. சண்முகம் ஒளவை வேடத்தால் ஒளவை சண்முகம் ஆனார். ஜெமினியின் 1953ஆம் ஆண்டு 'ஒளவையார்' படத்தில் அவ்வேடம் கே.பி. சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது, அவரோ 1935இல் நந்தனாராக ஆண்வேடத்தில் திரைக்கு வந்தவர். ஒளவைக்கு மட்டும் இத்தகைய நெகிழ்ச்சியை மேடை அனுமதித்தது. நல்லதங்காளுக்கும் அண்ணிக்கும் அது கிட்டவில்லை.

பேசும் படம் வந்த சில ஆண்டுகளிலேயே நல்லதங்காள் திரையேறினாள். 1950இல் மலையாளத்தில் 'நல்ல தங்க' வந்து பெருவெற்றி பெற்றது. 1955இல் தமிழில் மீண்டும் எடுத்தனர். ஆனால் கதையின் செல்வாக்கைக் காண அப்பெயர் தாங்கிய படங்களைவிடத் தாங்காத படங்களையே நோக்க வேண்டும். ஐம்பதுகளுக்குப் பிந்திய தமிழ்த் திரையில் கொடுமைக்கு இரு முகவரிகள். ஆணின் கொடுமை வெளியே: பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு கோட்டைச் சுவர்களில் எதிரொலித்தது. நம்பியாரின் புருவம் காட்டிலும் கப்பலிலும் நெரிந்தது. அவர்களோடு தலைவன் வாட்போர் புரியலாம். தோற்றாலும் அவர்களுக்கு ஒரு கம்பீரம் எஞ்சியது. பெண்ணின் கொடுமை உள்ளே: சுந்தரிபாயும் சி.கே. சரசுவதியும் முற்றத்திலும் அடுக்களையிலும் நின்று சொல்லாலேயே குடும்பம் பிரித்தனர். அவர்களுக்கு வாள் இல்லை, கம்பீரமும் இல்லை. அவர்களைத் தலைவன் கன்னத்தில் அறைந்தபோது அரங்கம் கைதட்டிற்று.

பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' (1961) இதற்குத் தக்க சான்று. அண்ணன் ராஜு, தங்கை ராதா சேமித்து வைத்திருந்த பணத்தில் பொம்மைத் தொழில் தொடங்கிச் செல்வனாகிறான். தங்கை மணப்பவன் ஆனந்தன், அதே ஆலையில் தொழிலாளர் பக்கம் நின்று அண்ணனோடு மோதியவன். படத்தின் தொடக்கத்தில் முரண்பாடு ஆலைக்கும் உழைப்புக்கும் உரியது. முகமும் நியாயமும் உடையது. படம் வளர வளர அது மெல்ல வீட்டுக்குள் புகுந்து, ஆனந்தனின் அத்தையுடைய சூழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிருந்த பகையை ஒரு கிழவி தன் தலையில் ஏற்றுக்கொண்டாள். ராதாவின் சேமிப்பு அண்ணனின் முதலாயிற்றே, அதற்கு அவளுக்குரிய பங்கு என்ன என்ற கேள்வி எழவே இல்லை. பாசம் என்ற சொல் அக்கேள்வியை எழவொட்டாது தடுத்தது. இதைச் சுட்டுவதால் அப்படத்தின் நடிப்பாற்றலுக்குக் குறை நேர்ந்துவிடாது. சாவித்திரியின் கண்களுக்கு ஈடு சொல்ல இன்றும் படம் இல்லை.

அர்ச்சுனாபுரத்துக்குக் கிழக்கே, ஒரு பகல் நடையில், கரிசல் காட்டின் நடுவே பசிக்கு வேறொரு விடை தேடப்பட்டது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923இல் தொழில் தொடங்கினர். மழை பொய்த்த பூமியில் அது மழையை எதிர்பாராத தொழிலாயிற்று. காய்ந்த வானமே அதற்கு வேண்டியிருந்தது. பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் ஊர் ஊராகச் சென்று பெண்களை ஏற்றி வரும் வண்டிகள் விடியலுக்கு முன்பே புறப்பட்டன. போக முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். கட்டை அடுக்கவும் திரி வைக்கவும் கற்ற விரல்களுக்கு வார இறுதியில் கூலி வந்தது. கணவன் வீட்டில் அடி, அண்ணன் வீட்டில் தாழ் என்ற நிலையில் இருந்த எத்தனையோ பெண்களுக்கு மூன்றாவது ஒரு வாசல் அது.

அவ்வாசலின் விலையும் பெரிது. கட்டை அடுக்கிய விரல்களுள் குழந்தைகளின் விரல்களும் மிகுதி. ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலும், 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற 1990ஆம் ஆண்டு ஆவணப்படமும் அவர்களைத் தமிழர் கண்முன் நிறுத்தின. நல்லதங்காளின் மூத்த மகன் தப்பியிருந்தால் எங்கே போயிருப்பான் என்ற கேள்விக்கு இப்பகுதியின் ஒரு காலத்து விடை அது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் வெடிமருந்து பலரைக் கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் செய்தியில் முதலில் வரும் சொல் உராய்வு. பஞ்சத்திற்கு முகம் இல்லாதது போலவே உராய்வுக்கும் முகம் இல்லை. கதைப்பாட்டுக் காலமாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு மூளி அலங்காரியைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

சிவகாசியின் அச்சகங்கள் வேறொரு வகையிலும் இவ்வரலாற்றில் இடம் பெறுகின்றன. நாடகத் திரைச்சீலை தீட்டி வந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி வரைந்த தெய்வப் படங்கள் இங்கே நாட்காட்டிகளாகி வீடுதோறும் தொங்கின. மேடையின் சாயல் கலந்த திருமகள் அடுக்களைச் சுவருக்கு வந்தாள். வெடியின் மேலுறையிலும் அவளே அமர்ந்தாள். லட்சுமி வெடியைச் சுற்றிக் கட்டிய பெண்ணின் முகம் எந்த உறையிலும் இல்லை.

அம்முகத்தை இலக்கியத்தில் காட்டியோருள் ச. தமிழ்ச்செல்வன் ஒருவர். அவருடைய 'வெயிலோடு போய்' சிறுகதையின் மாரியம்மாள், புகுந்த வீட்டிலிருந்து பிறந்த ஊருக்கு வெயிலில் நடந்து வருகிறாள். நல்லதங்காளுக்குப் பின் கரிசல் இலக்கியம் கண்ட நெஞ்சை அறுக்கும் நடை அது. அவள் சோற்றுக்காக வரவில்லை. தான் விரும்பிய மாமன் மகன் மணந்தவளோடு நன்றாக வாழ்கிறானா என்று பார்த்துப் போக வருகிறாள். அவன் நன்றாக வாழவில்லை என்பதே அவள் அழுகை. சசி இயக்கத்தில் 2008இல் அது 'பூ' என்ற படமானபோது நாயகி மாரி பட்டாசு ஆலையில் வேலை செய்பவளாகத் திரையில் வந்தாள். அவள் காதலுக்கு எதிரே வாள்வீசும் வில்லனும் இல்லை, தாழிடும் வில்லியும் இல்லை. தமிழ்த் திரையில் ஒரு பெண்ணின் துன்பத்திற்கு இன்னொரு பெண்ணைப் பலியிடாமல் கதை சொல்ல முடியும் என்று காட்டிய மிகச் சில படங்களுள் அது ஒன்று. தன் கூலியைத் தான் கொண்டு வரும் மாரிக்கு அழுதுவிட்டுத் திரும்பிப் போக முடிகிறது.

குதிரின் நெல் யாருடையது என்ற கேள்வியை இலக்கியத்தைவிட அரசியல் முன்னதாகக் கேட்டது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1931இல் அம்மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடிற்று. நல்லதங்காள் நாடகம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு ஓரளவு வழி திறந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமை மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. மார்ச் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அந்நாளுக்கு முன் மணம் முடித்துச் சென்ற மகளுக்கு அவ்வுரிமை இல்லை என்றது அத்திருத்தம். ஏழு பிள்ளை பெற்ற நல்லதங்காள் அன்று அர்ச்சுனாபுரத்து வாசலில் நின்றிருந்தால், அவளுக்கு அண்ணியின் கதவைப் போலவே சட்டத்தின் கதவும் சாத்தியிருக்கும். அவள் பொருட்டு அது திறக்க 2005ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தம் வர வேண்டியிருந்தது.

திறந்த கதவின் முன் இப்போது நடப்பது கவிஞர்கள் கண் வைக்க வேண்டிய காட்சி. தந்தை மறைந்தபின் சகோதரிகள் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்து வரப்படுகிறார்கள். விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது; பங்கு வேண்டா என்று ஒப்பமிட வேண்டும். கேட்டால் தாய்வீட்டு உறவு போய்விடும், தீபாவளிச் சீர் நின்றுவிடும், பிள்ளைகளின் காதுகுத்துக்கு மாமன் மடி இல்லாமற் போகும். ஒப்பமிட்ட பெண் நல்ல தங்கை. பங்கு கேட்டவளுக்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது. அவளைத் தூண்டிவிட்டவள் அவள் நாத்தனார் என்றும், தடுத்தவள் அவள் அண்ணி என்றும் பேச்சு எழும். அண்ணன் பெரும்பாலும் அந்தப் பேச்சில் வருவதில்லை. பத்திரத்தில் மட்டும் வருகிறான்.